மலைக்கு எந்த வண்டி? பழைய காரை மாற்றுவது பற்றிச் சில கேள்வி-பதில்கள்

குன்னூர் வாசகர்: 14 வருடப் பழைய பெட்ரோல் கார். கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் சேர்த்து 45 ஆயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். விற்றால் ஒரு லட்சம்தான் தேறும். செய்வதா, தள்ளிவிடுவதா?

அந்த 45 ஆயிரம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் அடித்தகடைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழி, கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் தகடு இருக்கிறது. 'பொத்' என்று அமுங்கினால் பெயின்ட் மட்டும்தான் நிற்கிறது. நம் மூடுபனியில் வண்டியின் அடிப்பாகம் காயவே காயாது.

கிளட்சும் பிரேக்கும் தேய்மானச் சாமான். எந்த வண்டியிலும் மாற்றத்தான் வேண்டும். சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடமே துருவேறிப் போனால் வண்டி முடிந்தது. தகடு கெட்டியாக இருந்தால் 45 ஆயிரத்தைச் செலவழியுங்கள். ஒரு லட்சத்துக்கு வாங்கும் வேறு வண்டியும் இதே வேலையோடுதான் வரும். 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க ஆய்வு உண்டு. கட்டணமும் கட்ட வேண்டும், கிடைப்பது 5 வருடம். விற்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.

கோத்தகிரி வாசகர்: பட்ஜெட் 4 லட்சம். சென்னை வண்டி ஒன்று 38,000 கி.மீ., ஊட்டி வண்டி ஒன்று 60,000 கி.மீ. எது?

மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். சென்னை வண்டியில் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுங்கள். அடியில் சேற்றுக் கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. விலை பேசவே வேண்டாம்.

ஊட்டி வண்டிக்கு ஏற்றத்தில்தான் சோதனை. நாலு பேர் ஏறி, மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே மறுபடி மிதிக்கும்போது கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடிக்குள் கொஞ்சம் வெண்மையான பிசுக்கு இருந்தால் பதற வேண்டாம். குளிரில் குறைந்த தூரம் ஓடும் வண்டியில் ஈரம் அப்படித் தங்கும். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பால் கலந்த டீ நிறம் தெரிந்தால்தான் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு) சந்தேகம்.

3.5 லட்சத்துக்குள் முடித்து மீதியைக் கையில் வையுங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் வரிப்பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் அந்த வயதுள்ள டயரை மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீள இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலா அதைக் கண்டுபிடிப்பது?

ஊட்டி வாசகர்: பள்ளி, கடைக்குத் தினமும் 6 கி.மீ. பி.எஸ்.6 டீசல் வாங்கலாமா?

வேண்டாம். பி.எஸ்.6 என்ற மாசு விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைபோக்கியில் உள்ள வடிகட்டி தன் கரியை எரிக்க, நிற்காமல் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். டவுனுக்குள் அது நடக்காது, அடைத்துக்கொள்ளும்.

கொடைக்கானல் வாசகர்: 800 சிசி போதுமா?

டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின், உயரம் 1,000 மீட்டர் கூடும்போது சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும். கொடைக்கானல் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இரண்டு பேருக்குப் போதும். குடும்பத்தோடு என்றால் 1,200 சிசி பாருங்கள்.

கூடலூர் வாசகர்: பழைய வண்டியைக் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் 'நோ கிளெய்ம் போனஸ்' (இன்ஷூரன்ஸில் இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களோடுதான் வரும், வண்டியோடு போகாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கி 3 வருடத்துக்குள் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி, தேவையான இடங்களில் கையெழுத்தைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். கொடுத்த தேதியும் நேரமும் எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறும் வரை வண்டி எங்காவது மோதினால் நஷ்டஈட்டு வழக்கு ஆர்.சி.யில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும்.