வடிகலன் (சாராயம் காய்ச்சி வடிக்கும் கலம்) இல்லாமல் வீட்டில் ஜின் செய்ய முடியுமா?
முடியும். கடையில் வாங்கிய வோட்காவில், ஜின்னுக்கு அதன் மணத்தைத் தரும் ஜூனிபர் பெர்ரியை ஊறவைத்தாலே போதும். இதைக் காம்பவுண்ட் ஜின் என்பார்கள். 750 மில்லிக்கு 2 மேசைக்கரண்டி ஜூனிபர், 1 தேக்கரண்டி கொத்தமல்லி விதை. லேசாக நசுக்கிப் போட்டு, வெயில் படாமல் ஒரு நாள் வையுங்கள். அப்புறம்தான் எலுமிச்சைத் தோலும் ஒரே ஒரு ஏலக்காயும். தோலின் உள்பக்க வெள்ளையைச் சீவிவிடுங்கள், கசப்பு அதில்தான். ஏலக்காய், கிராம்பு விஷயத்தில் கை தாராளமாகப் போனால் பிரியாணிதான் மணக்கும். அவ்வப்போது ருசி பார்த்து, பிடித்ததும் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள்.

நிறம் வெளிர் மஞ்சளாக வரும். லண்டன் டிரை ஜின் என்ற வகை நிறமற்று இருப்பது, இந்த மாதிரி மணப்பொருள்களோடு மறுபடி காய்ச்சி வடிப்பதால். அதை வீட்டில் முயலாதீர்கள். சாராய ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். உரிமம் இல்லாமல் வடிப்பது இந்தியாவிலும் பிரிட்டனிலும் குற்றம்.