இரட்டைப் பட்ட எம்.பி.ஏ.: சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: ஓராண்டு இங்கும் ஓராண்டு ஆஸ்திரேலியாவிலுமாக ‘இரட்டைப் பட்ட’ எம்.பி.ஏ. நடத்துவதாக ஒரு தனியார் பல்கலைக்கழகம் விளம்பரம் செய்கிறது. என் மகளைச் சேர்க்கலாமா? பட்டம் இங்கே செல்லுமா? – வாசகி, கோவை

பதில்: யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 மே மாதம் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி நடத்தப்பட்டால் செல்லும். அவை மூன்று வகைகளை அனுமதிக்கின்றன. ட்வின்னிங் முறையில் பட்டம் அளிப்பது இந்தியக் கல்வி நிறுவனம் மட்டுமே. வெளிநாட்டில் பெறும் கிரெடிட் (படிப்பை அளவிடும் புள்ளிகள்) மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கூட்டுப் பட்டத்தில் இரு நிறுவனங்களிலும் தலா 30 சதவீதமாவது படித்து, இரண்டின் முத்திரையும் உள்ள ஒரே சான்றிதழைப் பெறுகிறார்கள். இரட்டைப் பட்டத்தில் இரு நிறுவனங்களும் ஒரே பாடத்துறையில் தனித்தனியே பட்டம் தருகின்றன, இந்தியாவில் குறைந்தது 30 சதவீதக் கிரெடிட் பெற்றிருக்க வேண்டும்.

இரட்டைப் பட்டத்துக்கு மாணவர் இரு நிறுவனங்களிலும் தனித்தனியாக விண்ணப்பித்து, இரண்டின் சேர்க்கைத் தகுதியையும் நிறைவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பெயரில் உங்கள் மகளுக்குச் சேர்க்கைக் கடிதம் வரவில்லையெனில், விளம்பரம் எப்படி இருந்தாலும் அது இரட்டைப் பட்டமன்று. புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் புகைப்படத்தைக் காட்டிச் சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள்; மாணவர் பரிமாற்றத்துக்கு மட்டும் போட்ட ஒப்பந்தத்துக்கும் அதே புகைப்படம்தான்.

அடுத்து, நாக் (கல்வி நிறுவனங்களைத் தர மதிப்பீடு செய்யும் அமைப்பு) மதிப்பெண் 3.01 அல்லது அதற்கு மேல் பெற்ற நிறுவனமோ, என்.ஐ.ஆர்.எஃப். எனும் மத்திய அரசுத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 இடங்களுக்குள் உள்ள நிறுவனமோ, கியூ.எஸ். அல்லது டைம்ஸ் உலகத் தரவரிசையில் முதல் 1,000 இடங்களுக்குள் வரும் வெளிநாட்டு நிறுவனத்துடன் யு.ஜி.சி.யின் முன் அனுமதியின்றியே கூட்டு சேரலாம். இவற்றை நீங்களே இணையத்தில் சரிபார்த்துவிடலாம். இணையவழிப் படிப்புகளுக்கு இந்த ஒழுங்குமுறைகள் பொருந்தா.

படித்து முடித்து அங்கேயே வேலை பார்ப்பதுதான் நோக்கமென்றால் கணக்கு வேறு. ஆஸ்திரேலியாவின் படிப்புக்குப் பிந்தைய பணி விசாவுக்குப் பொதுவாக அந்நாட்டிலேயே ஈராண்டுக் கல்வி தேவை. ஓராண்டு மட்டும் அங்கே படிப்பது அதற்குப் போதாது. என் பார்வையில், இந்த ஒன்றுக்காகவே பல குடும்பங்கள் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

விசா மறுக்கப்பட்டால் இங்கே பெற்ற கிரெடிட் என்னவாகும், கட்டிய கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்து மூலம் கேளுங்கள். பாதியில் விலக நேர்பவர்களுக்கான வழியை நிறுவனம் முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும் என்பது விதி.