சைலன்ட் வேலிக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குப் போக விரும்பும் கடலூர், புதுச்சேரி அன்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

சொந்தக் காரிலேயே காட்டுக்குள் போய்விடலாமா? (லாஸ்பேட்டை)

முடியாது. பூங்காவின் நுழைவிடமான முக்காலி என்ற ஊர் வரைதான் உங்கள் கார். அங்கே வனத்துறையில் அனுமதி வாங்கி, அவர்கள் ஏற்பாடு செய்யும் ஜீப்பில் வழிகாட்டியோடு 23 கிலோமீட்டர் போனால், காட்டுக்குள் ஜீப் போய் நிற்கும் இடமான சைரந்திரி. முதுகு கொஞ்சம் குலுங்கும். முக்காலிக்கு இரண்டு வழி: கோவை, ஆனைகட்டி, அட்டப்பாடி ஒன்று; பாலக்காடு, மண்ணார்க்காடு இன்னொன்று. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். பாஷைக் கவலையும் இல்லை, அட்டப்பாடியில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. ரயில் என்றால் புதுச்சேரி–மங்களூரு வண்டியில் பாலக்காட்டில் இறங்கலாம். தினசரி வண்டி அல்ல, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கலாம்? பெரிய ட்ரெக்கிங் எதிர்பார்க்கிறோம். (நெல்லிக்குப்பம்)

ஏமாந்துதான் போவீர்கள். சைரந்திரியில் 30 மீட்டர் உயரக் காவல் கோபுரம் இருக்கிறது. ஏறிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து குந்திப்புழை ஆற்றுக்கு ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம், அப்புறம் அதே ஏற்றம். சாதாரணப் பயணிக்கு அவ்வளவுதான். ஏறக்குறைய 90 சதுர கிலோமீட்டர் காட்டில் நமக்குத் திறந்திருப்பது ஓர் ஓரம் மட்டுமே.

இதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டப் போகிறோம் என்று கிளம்பினார்கள். 1970களில் அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், கவிஞர் சுகதகுமாரியும், பறவையியலாளர் சலீம் அலியும், இன்னும் பலரும் எதிர்த்து நின்றார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் தேசியப் பூங்கா ஆனது, 1985இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அவ்வளவு பாடுபட்டு மீட்ட காட்டை மிதித்துத் தீர்க்க வேண்டாமே. நீண்ட நடைதான் வேண்டுமென்றால், சுற்றியுள்ள பகுதிகளில் வழிகாட்டியோடு நடக்க வாய்ப்பு உண்டா என்று முக்காலி அலுவலகத்தில் கேளுங்கள்.

யானை, புலி கண்ணில் படுமா? (பாகூர்)

இரண்டும் அங்கே உண்டு. உங்கள் கண்ணில் படும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அண்ணாந்து பார்க்கப் பழகுங்கள், அங்கே சங்கதியெல்லாம் மரத்தின் மேலேதான். சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. வெடிப்பலா மரத்தின் பூவும் விதையும் அதற்கு முக்கியமான தீனி. முள்ளு முள்ளாகக் காய் தொங்கும் மரத்தைக் கண்டால் அதன் கீழே கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள்.

ஒரு குழப்பம் வரும். நீலகிரிக் கருமந்தியும் கறுப்புதான். வால் நீளமாகத் தொங்கி, தலை பழுப்பாக இருந்தால் கருமந்தி. முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, குட்டை வால், நுனியில் குஞ்சம் என்றால் சிங்கவால். மலை அணிலும் இருவாச்சிப் பறவையும் கிடைத்தால் உங்கள் யோகம். வழிகாட்டிகளில் பலர் அந்த மலையின் பழங்குடி மக்கள். நீங்கள் இலையென்று நினைப்பதை அவர்கள் பாம்பென்று காட்டுவார்கள்.

பள்ளி விடுமுறையில், மே மாதம் போகலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

மே முதல் பாதி பரவாயில்லை. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அங்கே ஜூன் தொடக்கத்திலேயே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். காட்டுத்தீ பயம், கனமழை என்றால் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள்.

அட்டை கடிக்குமாமே? (முத்தியால்பேட்டை)

ஈரம் இருந்தால் கடிக்கும். வலிக்காது, ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். வெடுக்கென்று பிடுங்காமல், நகத்தால் வாய்ப்பகுதியை மெல்ல நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முட்டி தாங்குமா? (பண்ருட்டி)

அம்மா, போவதற்கு முன் செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டைப் படிகளில் பாதி ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் முட்டி சும்மா இருந்தால் குந்திப்புழை உங்களுக்குப் பெரிதல்ல. வலித்தால் ஜீப் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், காடு சைரந்திரியிலும் அதே காடுதான்.

நண்பர்கள் ‘சரக்கு’ எடுத்து வரலாமா என்கிறார்கள். (வில்லியனூர்)

காட்டுக்குள் கூடவே கூடாது. அதற்கு முன் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியிலேயே உங்கள் பயணம் முடிந்துவிடும்.

பிரான்ஸிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. அவர்களுக்கும் அனுமதி உண்டா? சாப்பாடு, தண்ணீர்? (புதுச்சேரி)

உண்டு. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். உள்ளே கடையை நம்பிப் போகாதீர்கள், முக்காலியிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் கூடாது என்பதால் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆற்றில் இறங்கக் கேட்பார்கள். விடாதீர்கள், மேலே மலையில் பெய்தால் கீழே தண்ணீர் சட்டென்று ஏறிவிடும்.