தமிழில் வேகமாக அடிக்க எந்த விசைப்பலகையைப் பழகலாம்?

தமிழ்99. தினமும் பக்கக்கணக்கில் தமிழில் அடிக்கிறவன் என்ற முறையில் தயங்காமல் சொல்வேன். தட்டச்சுப் பயிலகத்தில் பழைய டைப்ரைட்டர் முறையைக் கற்று, கை பழகியவர்கள் அதிலேயே இருக்கட்டும், பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசை அமைப்பில் பழகிய இலங்கை நண்பர்களுக்கும் அதேதான். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். நடு வரிசையைப் பாருங்கள்: இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ, வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. நாம் அதிகம் எழுதும் எழுத்துகள் விரல் இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன, அதனால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது புள்ளி தானாக விழுவதுதான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துவிடும், அதேபோல ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று மெல்லினமும் அதன் இன வல்லினமும் அடுத்தடுத்து வந்தாலும் புள்ளி வந்துவிடும், ஏனென்றால் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் அப்படித்தான் அமைகின்றன. 'பந்து' எழுத ப, ந, த, உ, நான்கே தட்டல். 'வணக்கம்' என்பதற்கு ஆறு. ஆங்கில எழுத்தில் ஒலியை வைத்து அடித்தால் எட்டு, நடுவில் ண வருவதற்கு ஷிப்ட் வேறு. சசி, மமதை மாதிரி புள்ளி வரக்கூடாத இடத்தில் முதல் எழுத்துக்குப் பின் அ-வை ஒருமுறை தட்டினால் போதும். ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிப்ட்டோடு மேல் வரிசையில்.

அப்புறம், இதற்கென்று தனியாக விசைப்பலகை வாங்க வேண்டியதில்லை. ஐபோன், மேக், லினக்ஸ், இப்போதைய விண்டோஸ் எல்லாவற்றிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் சரி. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளலாம். விசைகள்மேல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீர்கள், பார்வை கீழேயே போய்க்கொண்டிருக்கும். எழுத்துகள் எங்கெங்கே என்று காட்டும் படத்தை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, முதலில் நடு வரிசை எழுத்துகளால் மட்டும் அமையும் சொற்களை அடித்துப் பழகுங்கள்: அம்மி, பந்து, தம்பி, கத்தி.