அண்ணிக்கும் அடிபட்டது தலையில்தான்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தை மாதம் என் அண்ணனும் அண்ணியும் பைக்கிலிருந்து விழுந்ததில் இருவருக்கும் தலையில் அடி. அண்ணனுக்கு அறுவை சிகிச்சை செய்து, இப்போது பிசியோதெரபி நடக்கிறது. அண்ணிக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். இன்றும் தலைவலி தீரவில்லை. குறுவை நடவுக்குப் போனவர், குனிந்ததும் தலைசுற்றிச் சேற்றில் விழுந்துவிட்டார். "பொம்பளை உடம்பு தாங்கும்" என்கிறார்கள். அடி தாங்குவதில் ஆண் மூளைக்கும் பெண் மூளைக்கும் வேறுபாடு உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பெண் உடம்பு தாங்கும் என்ற பேச்சை நம்பி உங்கள் அண்ணியை விட்டுவிடாதீர்கள். பெண்களிடம் அதிகம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளையைக் காக்கும் என்று விலங்கு ஆய்வுகளை வைத்து மருத்துவர்களே நம்பியதுண்டு. கடுமையாகத் தலையில் அடிபட்டவர்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று 882 பேரிடமும் மற்றது 1195 பேரிடமும் நடந்தவை, 2014-இல் வெளிவந்தபோது இரண்டிலுமே பலன் தெரியவில்லை. லேசான காயம் பட்டவர்களை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்த அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளிலோ, தொல்லைகள் தீராமல் நீடிப்பது பெண்களிடமே கூடுதலாகக் காணப்பட்டது. ஹார்மோன், கழுத்துத் தசையின் வலு எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும் எதுவும் முடிவாகவில்லை. "லேசான" என்பது அடிபட்ட வேளையில் நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோலில் 15-க்கு 13-க்குக் குறையாமல் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. பிறகு படப்போகும் பாட்டை அது சொல்லாது.

குனிந்ததும் சுற்றியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். தலையில் அடிபடும்போது உட்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்தால், குனியும்போதும் படுக்கையில் புரளும்போதும் எல்லாம் சுழலும். இது ஸ்கேனில் தெரியாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சாய்த்துப் பார்த்தே கண்டுபிடிப்பார். அதுதான் காரணமென்றால், குறிப்பிட்ட முறையில் தலையைத் திருப்பிப் படுக்கவைத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அதுவரை அவரை வயலில் இறக்காதீர்கள். மாதவிலக்கு தவறியிருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டால் அப்படி ஆவதுண்டு.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இன்னொன்று. மறுவாழ்வு சிகிச்சையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, வேலைக்குத் திரும்பினாரா என்பது. சம்பளமில்லாத வேலை அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. உங்கள் அண்ணியோ வீடு வந்த அன்றே அடுப்பின் முன் நின்றிருப்பார். உலையில் அரிசி வேகும்போதே குழம்பைக் கவனித்து, தாளிப்பு கருகுமுன் இறக்குவதற்கு நினைவும் கவனமும் திட்டமிடலும் சேர்ந்து இயங்க வேண்டும். அதனால்தான் தேர்ந்த சிகிச்சையாளர்கள் சமைக்கச் சொல்லியே மூளையின் நிலையைச் சோதிக்கிறார்கள். தலைக்காயத்தில் வாசனை தெரியாமல் போவதும் உண்டு. கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அண்ணனைத் தூக்கி உட்காரவைத்து, மருந்து கொடுத்து, இந்தக் காயத்தில் வரக்கூடிய கோபத்தையும் பொறுத்துக்கொண்டிருப்பவர் அநேகமாக அவரேதான். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி அண்ணனுக்கு அதை ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாளைக்கு அண்ணன் பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் அண்ணியைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.