கட்டம், கொம்பு, கேள்விக்குறி: சப்டைட்டில் கேள்வி-பதில்

“சப்டைட்டில் வரவில்லை. உடனே பதில் தரவும்.” (சங்கரன்கோவில்)

சந்திப்பு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு “பஸ் வரல” என்றால், எந்த ஊர் பஸ் என்று கேட்க மாட்டார்களா? என்ன பிளேயர், என்ன ஃபைல், வரவே இல்லையா, வந்து கோளாறா, ஒன்றும் இல்லை. சரி, குத்துமதிப்பாகச் சொல்கிறேன். படமும் எஸ்.ஆர்.டி. ஃபைலும் (சப்டைட்டில் வசனம் இருக்கும் ஃபைல்) ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில் இருக்க வேண்டும். பெயர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அதன் வால் எஸ்.ஆர்.டி. இல்லை, டி.எக்ஸ்.டி.யாக இருக்கும். விண்டோஸ் வாலை மறைத்துவைக்கும் பழக்கம் உள்ளது. எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனுக்கு டிக் போட்டால் குட்டு வெளிப்படும். அடுத்த முறை நாலு வரி கூட எழுதுங்கள் அண்ணாச்சி.

“படம் முழுக்க எழுத்து இரண்டு விநாடி முந்தி வருகிறது.” (அம்பாசமுத்திரம்)

வி.எல்.சி. என்ற இலவச பிளேயரில் ‘ஹெச்’ விசையைத் தட்டத் தட்ட எழுத்து பிந்தும், ‘ஜி’ தட்டினால் முந்தும். இருபது தட்டு ஒரு விநாடி.

“ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது. இடைவேளை வருவதற்குள் மூன்று நிமிடம் முந்திவிடுகிறது. ‘ஹெச்’ தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டது.” (தென்காசி)

நல்ல கேள்வி, வேண்டிய விவரம் எல்லாம் இருக்கிறது. உங்களுடையது தாமதக் கோளாறு இல்லை, வேகக் கோளாறு. படம் விநாடிக்கு 24 ஃப்ரேம் (கறாராகச் சொன்னால் 23.976). சப்டைட்டிலோ 25 ஃப்ரேமில் ஓடும் டி.வி.டி. பதிப்புக்கு எழுதியது. வித்தியாசம் நூற்றுக்கு நாலுதான், ஆனால் இரண்டரை மணி நேரப் படத்தில் கடைசிக் காட்சிக்குள் ஆறு நிமிடம் ஓடிவிடும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, ‘சேஞ்ச் ஃப்ரேம் ரேட்’ போய், 25-லிருந்து 23.976 என்று கொடுங்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகல் இல்லாமல் எந்த சப்டைட்டிலிலும் கை வைக்கக் கூடாது.

“கொம்பு தனியாக, எழுத்து தனியாக வருகிறது. சில இடத்தில் வெறும் கட்டம்.” (மேலப்பாளையம்)

இரண்டும் வேறு வேறு நோய். கட்டம் என்றால் அந்த ஃபான்டில் தமிழ் இல்லை. பிளேயர் அமைப்பில் நிர்மலா யு.ஐ. அல்லது லதாவைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பிளேயர் பழசு. வி.எல்.சி.யின் 3-ஆம் பதிப்பு 2018-இல் வந்துவிட்டது. இன்னும் எதற்கு 2-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

“தமிழ் வசனம் எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகிறது. எந்த ஃபான்ட் போட்டால் சரியாகும்?” (வள்ளியூர்)

எந்த ஃபான்ட் போட்டாலும் சரியாகாது. இதை எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே கணக்கு இல்லை. ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. அதை நோட்பேடில் ஆன்சியாக (தமிழுக்கு இடமில்லாத பழைய எழுத்து முறை) சேவ் செய்தால் ஐந்தும் ஐந்து கேள்விக்குறி ஆகிவிடும். தமிழ் ஒளிந்துகொண்டு இல்லை, அழிந்தே போயிற்று. 2019-க்கு முந்திய விண்டோஸில் நோட்பேடின் வழக்கமே ஆன்சிதான். “எழுத்து போய்விடும்” என்று அது எச்சரிக்கை வேறு காட்டும். யார் படிக்கிறார்கள்? ஓ.கே.யைத் தட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுவார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானே பட்டிருக்கிறேன். எங்கள் மயினிக்கு (அண்ணன் மனைவி) பிறவியிலிருந்தே காது கேட்காது. அவர்களுக்காக ஒரு பழைய படத்தின் வசனத்தை ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தட்டினேன், 1,200 வரி இருக்கும். பென்டிரைவில் ஏற்ற ஒரு கடையில் கொடுத்தேன். அங்கிருந்த பையன் திறந்து பார்த்தானாம். ஒரு இடத்தில் ‘ற’ வரவேண்டியதற்கு ‘ர’ இருந்ததாம். திருத்தி, சேவ் செய்து, சிரித்த முகமாகக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து போட்டால் கதாநாயகி வாயைத் திறக்கிறாள், கீழே ஒன்பது கேள்விக்குறி. மயினி என்னைப் பார்த்துக் கையை விரித்தார்கள். நகல் வைத்திருந்தாயா என்று கேட்காதீர்கள்.

ஆகவே: சேவ் ஆஸ், என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யு.டி.எஃப்-8, அதில்தான் தமிழ் பிழைக்கும், அப்புறம்தான் சேவ். அழிந்துபோன ஃபைலை வாங்கிய இடத்திலேயே மறுபடி கேட்டு வாங்குங்கள். வேறு வழி இல்லை.

“எனக்குக் கேள்விக்குறி இல்லை. தலையில் சாய்ந்த கோடு போட்ட ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று மாறி மாறி வருகிறது.” (பேட்டை)

நீங்கள் பிழைத்தீர்கள். தமிழ் முழுசாக உள்ளே இருக்கிறது. யு.டி.எஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பிளேயர் அதை மூன்று ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கிறது. பிளேயரின் சப்டைட்டில் அமைப்பில் என்கோடிங்கை யு.டி.எஃப்-8 ஆக்குங்கள், போதும். நோட்பேடில் திறந்து ‘சரிசெய்ய’ வேண்டாம்.

“டி.டி.பி. சென்டரில் அடித்துக் கொடுத்த சப்டைட்டில். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி.” (ஆலங்குளம்)

பாமினி ஃபான்டில் அடித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டிவிட்ட பழைய ஃபான்ட் அது. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறி முறை) தரமாக அறிவித்துவிட்டது, சில கடைகளுக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை. என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் மாற்றலாம். ஆனால் ஃபைலை அப்படியே மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள். பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. 00:41:07,250 என்ற நேரத்தில் உள்ள காற்புள்ளியும் ‘இ’ ஆகி, ஒரு வரிகூடத் திரையில் வராது. வசனத்தை மட்டும் மாற்றுங்கள். நகல் எடுத்துவிட்டு.

“டி.வி.டி.யில் உள்ள சப்டைட்டிலின் ஃபான்டை மாற்ற முடியுமா?” (கல்லிடைக்குறிச்சி)

முடியாது. அது எழுத்து இல்லை, எழுத்தின் படம்.

“கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிகிறது. பென்டிரைவில் போட்டு டி.வி.யில் செருகினால் கட்டம்.” (நாங்குநேரி)

டி.வி.க்குள் தமிழ் ஃபான்ட் இல்லை, நாம் ஏற்றவும் முடியாது. எச்.டி.எம்.ஐ. வயரால் கணினியையே டி.வி.யோடு இணையுங்கள். அப்படி வேண்டாம் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ‘பர்ன் இன்’ கொடுத்து எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுங்கள். பழைய கணினி என்றால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

“தமிழ்ப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எதற்கு? அதிலும் ‘கதவு தட்டும் ஓசை’ என்றெல்லாம் வருகிறது. எரிச்சல். எப்படி நீக்குவது?” (திருநெல்வேலி டவுன்)

பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கியது. ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் ஊர், நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சப்டைட்டில் எடிட்டில் அந்த வரிகளை மட்டும் நீக்கும் வசதி இருக்கிறது, டூல்ஸ் மெனுவில் தேடுங்கள். நீக்கியதை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். முழு ஃபைல் அப்படியே இருக்கட்டும், மயினி மாதிரி யாராவது வந்து கேட்பார்கள்.