டேங்க் கழுவியதும் சோலார் வெந்நீர் நின்றுபோனால்

வணக்கம் சார். மாடி டேங்க்கைக் கழுவி நிரப்பிய மறுநாளிலிருந்து வெந்நீர்க் குழாய் புஸ் புஸ்ஸென்று துப்பிவிட்டு நின்றுவிடுகிறது, பச்சைத்தண்ணீர் மட்டும் நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஹீட்டர் கெட்டிருக்காது. பைப்பில் காற்று அடைத்திருக்கும்.

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. வெந்நீர் பைப் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி, வளைந்து, கீழே இறங்கும். அந்த மேட்டில்தான் காற்று தங்கும். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்றும் பிரிந்து அங்கேயே சேரும். முதலில் கீழ்வீட்டில் இருப்பதிலேயே தாழ்வான வெந்நீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுங்கள். சுடச்சுடத் தெறிக்கும், கையை நீட்டாதீர்கள். அதற்கும் மசியவில்லையென்றால், பிளம்பரைக் கூப்பிட்டு அந்த மேட்டில் ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டு, காற்று வெளியேற ஏர் வென்ட் பைப் ஏற்றச் சொல்லுங்கள். அதன் வாய் மாடி டேங்க்கின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்கணும். மூடி போடவே கூடாது. நாங்கள் அப்படிச் செய்த பிறகு இந்தத் தொல்லை இல்லை.

போர் தண்ணீர் என்றால் ஷவர் தலையையும் கழற்றிப் பாருங்கள். எங்களுடையதில் ஓட்டைக்கு ஓட்டை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. வினிகரில் ஊறவைத்ததும் விட்டது.

ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்கள் காலியாக வெயிலில் காய்ந்திருக்கும்போது தண்ணீர் விடாதீர்கள், பட்டென்று வெடிக்கும். அடுத்த முறை விடியற்காலையில் நிரப்புங்கள்.